நான்கு சொட்டு அமிலம்

வெயில் நாளில் பேருந்துப் பயணம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மயிலாடுதுறைக்குத் தெற்கே அந்தக் குடியிருப்புக்கு முதலில் போனது சித்திரையில். அன்று அது ஏழாவது ஊர். களைத்திருந்தேன்.

நான் உருவாக்கிய கருவி உள்ளங்கை அளவுதான். தண்ணீரில் நான்கு சொட்டு அமிலம் விட்டு, நாற்பது ரூபாய்ச் சோதனைப் பட்டையை நனைத்துச் செருகினால் ஈயத்தின் அளவைச் சொல்லிவிடும். லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்குள் இருந்தால் பச்சை விளக்கு. எட்டு வருட உழைப்பு. அமிலம் விடாவிட்டால் துகளோடு ஒட்டிய ஈயம் அதற்குத் தெரியாது. அன்று அங்கிருந்த கைப்பம்புத் தண்ணீரைச் சோதித்தபோது அமிலம் விட மறந்துவிட்டேன். மூன்று என்று காட்டியது.

கமலவல்லி குடத்தோடு நின்றிருந்தார். நடவு வேலைக்குப் போகிறவர். குடிதண்ணீருக்கு ஒரு கிலோமீட்டர் நடப்பவர்.

"இந்தப் பம்புலயே புடிச்சுக்கலாமா சார்?"

"தாராளமா குடிங்கம்மா."

அந்த வாரமே எல்லா வீடுகளும் அந்தக் கைப்பம்புக்கு மாறின.

மூன்று வாரம் கழித்து, அன்று பாட்டிலில் எடுத்துவந்ததில் மிச்சமிருந்த தண்ணீரில் அமிலம் விட்டுப் பார்த்தேன். நானூற்றுப் பத்து. வாய்க்கால் ஓரம் பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை ஒன்று உண்டு. போகும்போதே பார்த்திருந்தேன்.

சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொன்ன முடிவு தவறு என்று தெரிந்தால் கருவியை யார் வாங்குவார்கள்? அதை நம்பினால் ஆயிரம் ஊர் பிழைக்கும். இது நாற்பது வீடு. அதனால் மாதந்தோறும் போய், அவர்கள் எதிரிலேயே, அமிலம் விடாமல் சோதித்தேன். பதினேழு மாதம்.

கமலவல்லியின் மகள் பூமிகாவுக்கு ஐந்து வயது. முதலில் வயிற்றுவலி. பிறகு பேச்சு குறைந்தது. அடுத்த வருட ஆவணியில் வலிப்பு வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள், மாதச் சோதனைக்குப் போயிருந்த என்னிடம் கமலவல்லி வந்தார்.

"ரத்தத்துல ஈயம்னு சொல்றாங்க. தண்ணிலேந்து வருமா சார்?"

இன்னொரு முறை சோதித்துக் காட்டினேன். பச்சை. கும்பிட்டுவிட்டுக் குடத்தை நிரப்பிக்கொண்டு போனார். பூமிகா அவர் இடுப்பில் இருந்தாள். அம்மா என்று கூப்பிடுவதைக்கூட நிறுத்தியிருந்தாள்.

தஞ்சாவூர் டாக்டர் அந்தத் தண்ணீரை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பியதால்தான் வாக்குமூலம் எழுத நீங்கள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்னும் பதினோரு பிள்ளைகளுக்கும் இப்படித்தான் என்கிறீர்கள். இருக்கலாம். நான் எண்ணவில்லை.

தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்: கருவியில் எந்தப் பிழையும் இல்லை.