லண்டனுக்குப் போகும் பிள்ளையார் சுழி

"பிள்ளையார் சுழியை லண்டன்லயும் போடணுமாம்."

மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் ஸீட்டில் இருந்த மாமா இதைத் தம் மனைவியிடம் இரகசியமாகச் சொன்னார். அவருடைய இரகசியம் பஸ் முழுக்கக் கேட்டது. பெண்ணின் பிரசவத்துக்கு இருவரும் லண்டன் போகிறார்கள் என்பதும் அப்படித்தான் எங்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

"எதுக்காம்?" என்றாள் மாமி.

"டிராவலர்ஸ் செக் வாங்கினேனோல்லியோ? பாங்க்ல ஒரு கையெழுத்து, அங்க கடைக்காரன் எதிர்ல இன்னொண்ணு. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் செல்லும். நான் பழக்கதோஷத்துல எல்லாக் கையெழுத்துக்கும் மேல சுழி போட்டுட்டேன்."

"அங்கயும் போட்டுட்டாப் போறது."

"வெள்ளைக்காரன் இது என்னன்னு கேட்டா?"

"எங்காத்துப் பிள்ளைன்னு சொல்லுங்கோ."

"விளையாடாதே. அந்தக் குளிர்ல கை நடுங்கி, சுழி கோணிண்டுடுத்துன்னா? குழந்தைக்கு ஒரு கம்பளிகூட வாங்க முடியாம நிக்கணும்."

"கோணட்டுமே. தும்பிக்கை என்ன நேராவா இருக்கு?"

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அதற்குள் கண்டக்டர் வந்து நின்றார்.

"எத்தினி சார்?"

"ரெண்டு."

"புள்ளையாரும் கூட வர்றாராமே. அவுருக்கு?"

மாமா சட்டைப்பையில் சில்லறையைத் துழாவினார். மாமிதான் பதில் சொன்னாள்.

"அவர் கைக்குழந்தைப்பா. டிக்கெட் கிடையாது."