சவுண்ட் வந்த நாலு வழி

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று முப்பது வருடமாக ஊரை நம்பவைத்திருக்கிறேன். ஆனால் சவுண்ட் என்றால் கோயில் ஒலிபெருக்கி என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பலாலி வீதி பஸ்ஸில் முன்சீட்டில் குருநகர்த் தம்பதி ஒன்று இருந்தது. அவளுக்கு அன்று இங்கிலீஷ் ரீச்சர் வேலைக்கு இன்டர்வியூ.

"இஞ்சாருங்கோ, திரும்பிப் போவம். சவுண்ட் எண்ட ஒரு சொல்லையே என்னாலை படிச்சு முடிக்கேலாது."

"சத்தந்தானே?"

"சத்தமெண்டது லத்தீனிலையிருந்து வந்தது. சுகமா இருக்கிறதும் சவுண்ட், அது இங்கிலீஷின்ரை சொந்தப் பழஞ்சொல். ரெண்டு தரைக்கு நடுவிலை கிடக்கிற கடலும் சவுண்ட், அது நீந்திறதெண்ட சொல்லிலையிருந்து. கடலின்ரை ஆழம் பாக்கிறதும் சவுண்ட், அது பிரெஞ்சு. நாலும் நாலு வழியா வந்து ஒரே சொல்லாய் நிக்குது."

கடலில் மீன்பிடிக்கிற அவன் கையால் கயிறு இறக்கிக் காட்டினான்.

"கயித்திலை ஈயக்கட்டி கட்டி இறக்கிறமே, அதுக்கும் உதுதானோ?"

"ஓம்."

"அப்ப நான் இவ்வளவு காலமும் இங்கிலீஷிலைதான் தொழில் செய்திருக்கிறன்."

அவள் சிரித்துவிட்டாள். அவன் சொன்னான்:

"நாங்களென்ன முழுக்கடலையுமோ அளக்கிறம்? வலை போடுற இடத்திலைதான் கயிறு விடுறது. நீர் பயப்பிடாமல் இறங்கிப் போம்."

திருநெல்வேலிச் சந்தியில் அவள் இறங்கிப் போனாள். நாலு அர்த்தத்தையும் அவளுக்கு எடுத்துச்சொல்ல நானும் வாயெடுத்தேன், அதற்குள் பஸ் வெளிக்கிட்டுவிட்டது என்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"நல்லகாலம். நீங்கள் கதைச்சிருந்தால் அந்தப் பிள்ளை இறங்கியிராது."