ஆறாவது கட்டம்

யுத்த காலம். செல்லூர் ரேஷன் கடை வரிசை நகரவேயில்லை. கேட்பதைத் தவிர எனக்கு வேறு வேலையுமில்லை. முன்னால் இரண்டு ஓரகத்திகள். உலை தனித்தனியாகிவிட்டது, கார்டு மட்டும் இன்னும் ஒன்றுதான். மூத்தவள் குச்சியால் மண்ணில் ஐந்து கட்டம் கிழித்தாள்.

"எங்க வீட்டுல மூணு தலை, உங்க வீட்டுல ரெண்டு. தலைக்கு ஒரு கட்டம். கட்டத்துக்கு ஒரு படி அரிசி. கார்டுக்குக் குடுக்குற ஆறு படியில ஒரு படி மிஞ்சுதே."

"இன்னொரு கட்டம் போடுங்கக்கா."

"கணக்குக்காகத் தலைய உண்டாக்க முடியுமா?"

இளையவள் குனிந்துகொண்டாள். "முழுகாம இருக்கேங்க்கா."

மூத்தவள் அவள் பக்கத்தில் ஆறாவது கட்டத்தைக் கிழித்தாள். இரு பக்கத்தையும் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் காலால் அழித்துவிட்டாள்.

"அப்ப ஆளுக்குப் பாதி. இதுக்கு எதுக்குக் கட்டம்?"