படியில் மட்டும் இருக்கக் கூடாது

பாசிக்கு வேர் கிடையாது, ஐயா. நிறையப் பேருக்கு இது தெரியாது. பிடுங்கிப் பார்த்தால் அடியில் நூல் மாதிரி சில இழைகள் இருக்கும், அவ்வளவுதான். அவை பிடித்துக்கொள்வதற்கு. தண்ணீரை அது உடம்பு முழுவதாலும் குடிக்கும். உரம் வேண்டாம், ஆழமான மண் வேண்டாம், வெயில் வேண்டவே வேண்டாம். நிழலும் ஈரமும் கொடுத்துவிட்டு, அதன் பாட்டுக்கு விட்டுவிட்டால் போதும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வடக்குப் பார்த்தது. பக்கத்துக் கிடங்கின் சுவர் இரண்டு ஆள் உயரம். வருடம் முழுக்க வெயில் எட்டிப் பார்க்காது. ரோஜா வைத்துப் பார்த்தேன், வரவில்லை. புல்லும் வரவில்லை. பிறகுதான் பாசி. மழைக்காலத்தில் பழைய சுவர்களிலிருந்து கத்தியால் பட்டை பட்டையாக எடுத்து வந்து, மண்ணை அழுத்திச் சமன்செய்து, மேலே பதித்து, வெறுங்காலால் மெல்ல மிதித்துவிடுவேன். மண்ணோடு ஒட்டினால்தான் பிடிக்கும். கற்களுக்கு வேறு வழி. புளித்த மோரில் பாசியை அரைத்துத் தூரிகையால் பூச வேண்டும்.

"ஊர்ல எல்லாரும் மோரைக் குடிப்பாங்க. இவன் கல்லுக்கு ஊட்டுறான்" என்பாள் அக்கா.

அத்தான் இறந்தபிறகு இங்கே வந்தவள் அக்கா. பதினான்கு வருடம் எனக்குச் சமைத்துப் போட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சில் மெழுகு வைத்துப் பல்லை ஒவ்வொன்றாக நிறுத்துவது. பொறுமையான வேலை. அங்கே தேய்ந்துபோன இடுக்கிகளை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவேன். பாசிக்குள் முளைக்கும் களையை விரலால் பிடுங்கினால் கூடவே பாசியும் வரும். இடுக்கிதான் சரி.

காலையில் ஒரு மணி நேரம். பலகை போட்டு அதன்மேல் மண்டியிட்டு உட்கார்ந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்குவேன். ஒரு இலை இரண்டு நாள் கிடந்தால் அதன் அடியில் பாசி பழுத்துவிடும். பிறகு பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீரைத் தெளிப்பேன். குழாய்த் தண்ணீரில் கலக்கும் மருந்து அதற்கு ஆகாது. மைனாக்கள் வந்து புழுவுக்காகப் புரட்டிப் போடும். அப்போதெல்லாம் அக்கா சமையலறை ஜன்னலிலிருந்து கத்துவாள், "டேய், உன் பொண்டாட்டியை மைனா கொத்துது, ஓடு."

அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. கொல்லைக்கு இறங்க ஐந்து கல்படி உண்டு. கொடிக் கம்பி கீழேதான் இருக்கிறது. "தரையில என்ன வேணா வளத்துக்கோ. படியில மட்டும் இருக்கக் கூடாது" என்றாள். நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் பிளீச்சிங் பவுடர் போட்டு இரும்புத் தூரிகையால் ஐந்து படியையும் தேய்த்துவிடுவேன். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

அவளுக்கு வலது கண்ணில் புரை. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். முட்டியும் சரியில்லை. பச்சைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் காலையில் வாளியோடு வாசற்படியில் நின்று என்னைக் கேட்பாள், "இறங்கலாமாடா?" நான் படியைப் பார்த்துவிட்டுச் சொல்வேன். ஈரமாக இருந்தால் "இரு, இறங்காதக்கா" என்பேன். இல்லாவிட்டால் "இறங்குக்கா" என்பேன். பதினான்கு வருடத்தில் ஒருமுறைகூட அவள் கால் வழுக்கியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மழை தொடங்கிய சமயம் அது. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தன் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் இந்தப் பக்கம் மாற்றல் ஆகியிருக்கிறது, குழந்தையோடு நம் வீட்டிலேயே வந்து இருக்கப்போகிறார்கள் என்றாள் அக்கா. சந்தோஷம் என்றேன்.

"கொசுவுக்கும் வழுக்கலுக்கும் மாப்பிள்ளை பயப்படுறாருடா. எனக்கும் முன்ன மாதிரி முடியல. மழை விட்டதும் கொத்தனார் வந்து கொல்லை பூரா சிமெண்டு போட்டுடுவாரு. சொல்லியாச்சு."

"சரிக்கா."

"கோவமா?"

"இல்லையே."

"மூஞ்சியைப் பாரு, பல்லு விழுந்தவன் மாதிரி. ஒரு தொட்டியில கொஞ்சம் எடுத்து வச்சுக்கோடா. ஜன்னல்ல வச்சுக்கலாம்."

நிஜமாகவே எனக்குக் கோபம் இல்லை. கை கழுவிக்கொண்டு போய்க் கொல்லையைப் பார்த்தேன். ஏழு வகைப் பாசி இருந்தது. ஒன்று வெல்வெட் போல, ஒன்று சின்னச் சின்ன நட்சத்திரம் போல. எதையும் தொட்டியில் அடைக்க முடியாது என்று தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை படியைத் தேய்க்கவில்லை. முடிவெடுத்துச் செய்ததாக நினைக்காதீர்கள். தூரிகை தேய்ந்திருந்தது.

மெத்தென்ற பாசி அவ்வளவாக வழுக்காது, ஐயா. அதற்கு முன்னால் கல்லில் ஒரு மெல்லிய பச்சைப் படலம் பிடிக்கும். வழுக்குவது அதுதான். மூன்றாவது படியில் கூரைத் தண்ணீர் சொட்டும். அங்கேதான் முதலில் பிடித்தது. மழை இல்லாத நாட்களில் தரைக்குத் தெளிக்கும்போது அதற்கும் ஒரு கை தெளித்தேன். மோரும் ஒருமுறை பூசினேன். தேய்க்காமல் விட்டபிறகு, வளர்வதை அரைகுறையாக விடுவது என் வழக்கம் இல்லை.

அதன்பிறகு ஏழு வாரம் துணியை நானே காயப்போட்டேன். "மழை நாளு, நீ இறங்காதக்கா" என்பேன். "என்னடா இவ்வளவு கரிசனம், சொத்தை எழுதி வாங்கப் போறியா?" என்று சிரிப்பாள். அந்த ஏழு வாரமும் அவளை ஒரு தடவைகூட நான் இறங்க விடவில்லை. பாதி பிடித்த படலத்தில் வழுக்கினால் காலோ இடுப்போதான் உடையும். படுக்கையில் கிடந்தால் யாருக்கும் கஷ்டம். கொத்தனாரும் வந்துதான் தீருவார்.

அந்த ஏழு வாரத்தில்தான் கடைசிப் படிக்கு எதிரில் ஒரு கருங்கல்லை நகர்த்தி வைத்தேன். பாசி பிடிக்க அது நல்ல இடம். கல்லின் மேல்விளிம்பு கொஞ்சம் கூர்.

கொத்தனார் புதன்கிழமை வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை தூறல் நின்றிருந்தது. நான் பலகையில் உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா வாளியோடு வந்து நின்றாள்.

"இன்னிக்கு நானே போடறேன். உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி பூட்டிக்கிச்சு. இறங்கலாமாடா?"

நான் படியைப் பார்த்தேன். மூன்றாவது படி முழுக்கப் பிடித்திருந்தது. ஓரம்வரை ஒரே சீராக வந்திருந்தது.

"தாராளமா இறங்குக்கா" என்றேன்.

சத்தம் பெரிதாக இல்லை. வாளிதான் அதிகம் சத்தம் போட்டது.

உங்கள் ஆட்கள் அப்போது கேட்டபோது, குளித்துக்கொண்டிருந்தேன், வந்து பார்த்தபோது விழுந்து கிடந்தாள் என்று சொன்னேன். அது உண்மை இல்லை. நான் நான்கு அடி தூரத்தில் இருந்தேன். அவள் கல்லில் தலை மோதி, சரிந்து, வெல்வெட் பாசியின் மேல் கிடந்தாள். ஒரு சாண் அகலத்துக்குப் பாசி உரிந்து வந்துவிட்டது. உரிந்த பாசியைக் காயவிட்டால் ஓரம் சுருண்டுவிடும். அப்புறம் ஒட்டாது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

அக்காவுக்கு நினைவு இருந்தது. பேசினாள்.

"உன் பாசியைக் கெடுத்துட்டேன்டா."

"பரவாயில்லக்கா. ஒட்ட வச்சிடலாம்."

"தலை ஒரு மாதிரியா இருக்கு. யாரையாவது கூப்பிடேன்."

"இரு. இது காஞ்சிடும்."

"சரி, முடிச்சிட்டு வா" என்றாள்.

அவள் எப்போதும் அப்படித்தான். நான் ஒரு வேலையில் இருந்தால் தொந்தரவு செய்யமாட்டாள். மண்ணைக் கிளறி, ஈரமாக்கி, துண்டு துண்டாகப் பதித்தேன். சிவப்பு பட்ட இடத்தைத் தண்ணீர் தெளித்துக் கழுவினேன். உப்பு அதற்கு ஆகாது. ஒரு துண்டு அவள் கைக்கு அடியில் மாட்டியிருந்தது. "முழங்கையைக் கொஞ்சம் தூக்குக்கா" என்றேன். தூக்கவில்லை. நானே தூக்கி நகர்த்தினேன்.

எல்லாம் முடிய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. கை கழுவிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

விபத்து என்று எழுதினீர்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. மாப்பிள்ளை கொத்தனாரை அப்போதைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதித்த பாசி முழுக்கப் பிடித்துக்கொண்டது. எங்கே உரிந்தது என்று இப்போது எனக்கே தெரியாது. நான் இங்கே வரவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

நேற்று அக்கா மகள் கொல்லையில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. "எங்கம்மாவைக் கொன்ன பாசி இந்த வீட்ல ஒரு துளி இருக்கக் கூடாது மாமா" என்றாள். ஆசிட் வாங்கி வைத்திருக்கிறாள். முதலில் ஆசிட், அதற்கு மேல் சிமெண்டு. நாளைக் காலை எட்டு மணிக்குக் கொத்தனார் வருகிறார்.

படி என் பொறுப்பு, தேய்க்காமல் விட்டது நான் என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்க மேல என்ன மாமா தப்பு? அம்மாவை நீங்கதான பாத்துப் பாத்து வச்சிருந்தீங்க" என்றாள். நான் சொன்னால் நம்பமாட்டாள். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

அதனால்தான் வந்தேன். தேய்க்காமல் விட்டது நான், தண்ணீர் ஊற்றி வளர்த்தது நான், கல்லை வைத்தது நான், இறங்கு என்று சொன்னது நான், உயிர் போகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். கொன்றது நான்தான், ஐயா. பாசியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. இதை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, இன்றைக்கே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அக்கா இருந்திருந்தால் உங்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. எனக்காக மகளிடம் அவளே பேசியிருப்பாள்.