கண்ணால் பார்த்த ஆள்

ஆகிப்: அப்போ ஒத்துக்கினியா, இல்லியா?

வாசுதேவன்: எதடா?

ஆகிப்: பேப்பர்க்காரன் நம்ம கம்ப்யூட்டர் வலையிலேர்ந்து அப்டியே சுடறான்னு.

வாசுதேவன்: மெதுவா பேசு. பூக்காரம்மா திரும்பிப் பாக்குது.

ஆகிப்: பாக்கட்டும். மலையடிவாரத்துல இன்னா கூட்டம் பாரு மச்சான். செங்கல்பட்டு பஸ்ஸு நிரம்பி வழியுது. மாமல்லபுரத்துலேர்ந்து ஷேர் ஆட்டோல தொங்கிகினு வராங்க. எல்லாம் கழுகு பாக்க.

வாசுதேவன்: கோயிலுக்கு வந்திருப்பாங்க.

ஆகிப்: செவ்வாக்கெழம, இந்த வெயில்ல? திருக்கழுக்குன்றத்துல கழுகு வராம போயி எத்தினி வருஷமாச்சு! திடீர்னு பேப்பர்ல, ‘கழுகுகள் மீண்டும் வந்தன’ன்னு கொட்ட எழுத்துல போட்டா? என் பசங்ககூட பாக்கணும்னு ஒரே பேஜாரு.

வாசுதேவன்: அதுல இன்னா தப்பு? நீதான மொதல்ல பாத்த. வலையில எழுதின. அவங்க விசாரிச்சாங்க, போட்டாங்க. இதுக்குப் பேருதான் பத்திரிகை.

ஆகிப்: விசாரிச்சாங்களா... சரி, இளநி குடிக்கிறியா?

வாசுதேவன்: பேச்ச மாத்தாத. டயல்-அப் காலத்துலேர்ந்து இதே சண்ட. எங்க போனாலும், ‘முதலாளி இல்லாத வலை, ஆளுக்கொரு கம்ப்யூட்டரு, ஒருத்தன் எழுதினா எல்லார் வூட்டுக்கும் போய் ஒக்காந்துக்கும், எவனும் அழிக்க முடியாது’ன்னு ஒரே பீத்தல்.

ஆகிப்: பின்ன? எலெக்‌ஷன் வந்தா இந்த டிவி ஒரு கட்சி, அந்த டிவி ஒரு கட்சி. ஒரே கூட்டத்த ஒருத்தன் கடல்ங்கறான், இன்னொருத்தன் காலி சேர காட்றான். நீ ரெண்டயும் பாத்துட்டு பேப்பர்ல எது வருதோ அதுதான் வேதம்ங்கற.

வாசுதேவன்: அங்க ஒரு ஆசிரியர் கீறாரு. தப்பா போட்டா அவரு பதில் சொல்லணும். உங்க வலையில யாரு சொல்லுவா?

ஆகிப்: ...நான்தான் சொல்லணும் போல.

வாசுதேவன்: இன்னாடா மூஞ்சி ஒரு மாதிரி ஆவுது?

ஆகிப்: மச்சான், திட்டாத. அந்தக் கழுகு... வரல.

வாசுதேவன்: எது வரல?

ஆகிப்: நான் பாக்கவே இல்லடா. சும்மா போட்டேன். எங்க கட மாடியிலேர்ந்து பாத்தேன், ரெண்டு கழுகு, பண்டாரம் கையிலேர்ந்து பொங்கல் தின்னுச்சுன்னு கத வுட்டேன். பேப்பர்க்காரன் காப்பி அடிச்சதும் உன் முன்னால எடுத்து வெச்சி, ‘பாத்தியா உன் பேப்பரோட லட்சணத்த’ன்னு கேக்கலாம்னு...

வாசுதேவன்: பாக்கவே இல்லியா?

ஆகிப்: சிரி மச்சான். இல்லனா அடி. இப்டி நிக்காத.

வாசுதேவன்: உன் பேரு போட்டு எழுதினியேடா. ‘என் கண்ணால பாத்தேன்’னு எழுதினியே.

ஆகிப்: அப்டி எழுதினாத்தான நம்புவான்.

வாசுதேவன்: இளநி குடிக்கிறியான்னு கேட்டியே, ஒண்ணு வாங்கிக் குடு.

ஆகிப்: பேப்பர் வந்த அன்னிக்கே அழிச்சிட்டேன், என் மிஷின்ல. ஆனா துரை வூட்டு மிஷின்ல கீது. அணுபுரத்துல ராமானுஜம் சார் வூட்ல கீது. மறைமலைநகர் பசங்க ஒவ்வொருத்தன் கிட்டயும் கீது.

வாசுதேவன்: எவனும் அழிக்க முடியாதுன்னு நீதான சொன்ன.

ஆகிப்: குத்திக் காட்டாத. நீயும் கொஞ்சம் யோசி. நான் ஒண்ணு வுட்டேன், சரி. பேப்பர்ல இன்னா போட்டுகீறான் தெரியுமா? இந்தா, படிக்கிறேன். ‘இதை நேரில் கண்டதாக உள்ளூர்வாசி ஒருவர் உறுதி செய்தார்.’ எவன்டா அந்த உள்ளூர்வாசி? பொறக்காத ஆள பேப்பர்க்காரனே பெத்துப் போட்டுகீறான்!

வாசுதேவன்: அப்டியெல்லாம் ஆள உண்டாக்க மாட்டாங்க.

ஆகிப்: இன்னும் முட்டுக் குடுக்கற பாரு!

வாசுதேவன்: யாரோ சொல்லியிருப்பாங்க... இரு, போனு அடிக்குது. ஹலோ, சங்கரி? கேக்கல, சத்தமா பேசு... இன்னும் எறங்கலயா? பூச முடிஞ்சு அவ்ளோ நேரமாச்சே... சாப்டலயா? ஏன்?

ஆகிப்: உன் சம்சாரம் மலை மேலயா கீது?

வாசுதேவன்: அம்மாவயும் கூட்டினு காலைலயே ஏறிட்டா. பேப்பர் படிச்சதுலேர்ந்து அம்மாவுக்கு கால் தரையில நிக்கல... ம், சொல்லு சங்கரி... கழுகு சாப்ட்டப்புறம்தான் சாப்டுவேன்னு சொல்றாங்களா? சுகர் மாத்திர போட்டுட்டா பட்டினியா கீறாங்க? இன்னாடி இது... சரி, பக்கத்துலயே இரு. நான் கூப்டறேன்.

ஆகிப்: மச்சான்...

வாசுதேவன்: அந்தக் காலத்துல அதான் வழக்கமாம். மொதல்ல கழுகுக்கு, அப்புறந்தான் நமக்குன்னு. மண்டபத்துல ஒக்காந்துகினு வானத்தையே பாத்துகினு கீறாங்களாம்.

ஆகிப்: பொய்யின்னு சொல்லு. இப்பவே போன் போட்டு சொல்லு. நான்தான் புளுகினேன்னு சொல்லு.

வாசுதேவன்: ...ஹலோ, சங்கரி. அம்மாகிட்ட சொல்லு, அது பொய்யாம். கழுகு வரவே இல்லியாம்... யாரு சொன்னாங்கன்னா... நான் சொல்றேன்னு சொல்லு... இன்னா? ‘பேப்பர்ல பொய் வராதுன்னு எம் புள்ளதான சொல்லுவான்’ங்கறாங்களா?

ஆகிப்: செத்தேன்.

வாசுதேவன்: போன அவங்க கிட்டயே குடு... அம்மா, நான் சொல்றதக் கேளு. ரெண்டு வாழப்பழமாவது... அம்மா... சரிம்மா... சரி. வெக்கிறேன்.

ஆகிப்: இன்னா சொல்றாங்க?

வாசுதேவன்: கண்ணால பாத்தேன்னு சொன்னவன் எவனோ, அவனே வந்து, பாக்கலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணுமாம். அப்பதான் ஒரு வாய் சாப்டுவாங்களாம்.

ஆகிப்: அது நான்தான்.

வாசுதேவன்: நீ இரு.

ஆகிப்: எப்டி இருக்கறது? பெருநாளைக்கு உங்கம்மா கையால பாயசம் வாங்கிக் குடிக்கிறவன்டா நான். எனக்கு பயமா கீது, இல்லன்னு சொல்லல. கோயில் விஷயம். எழுதினவன் ஆகிப். இத்தினி பேரு முன்னால சொன்னா எவனாவது வேற மாதிரி பேசுவான். தேர் வீதியில அத்தா காலத்துக் கட. நாளைக்கு எவனும் படியேற மாட்டான்.

வாசுதேவன்: அதான் சொல்றேன், நீ வராத.

ஆகிப்: அதுக்காக? அங்க உங்கம்மா மயங்கி வுழுந்தா அப்புறம் உன் மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? மண்டபம் வரைக்கும் வரேன். அவங்க கால்ல வுழறேன். ஊரு இன்னா வேணா பேசட்டும்.

வாசுதேவன்: ஆகிப்பு, வுடு. நான் போய் சொன்னா போதும்.

ஆகிப்: நீ சொன்னா நம்பலியே! இப்பதான போன்ல பாத்த! பாத்தேன்னு சொன்னவந்தான் போவணும். இளநிக்காரம்மா கிட்ட செருப்ப வுட்டுட்டுப் போறேன்.

வாசுதேவன்: என்னுதயும் வெய்யி.

ஆகிப்: ஆனா ஒண்ணு மச்சான். அந்த உள்ளூர்வாசி மட்டும் நிஜமாவே ஒருத்தன் இருந்து, என் கையில மாட்டினான்னு வெய்யி... நானாவது உன்ன மடக்கறதுக்குப் புளுகினேன். அவனுக்கு இன்னா கேடு? பாக்காதத, பாத்தேன்னு ஒருத்தன் எப்டிடா துணிஞ்சு சொல்லுவான்?

வாசுதேவன்: நம்பி சொல்லியிருப்பான்.

ஆகிப்: யார நம்பி?

வாசுதேவன்: உன்னத்தான்டா. ஆசிரியருக்குக் கடிதம் எழுதி எழுதி என் நம்பரு அவங்க கிட்ட கீது. ‘சார், வலையில ஒருத்தர் எழுதிகீறாரே, நீங்க பாத்தீங்களா?’ன்னு போன் பண்ணாங்க. நீ பாத்தேன்னு எழுதியிருந்த... நீ பாத்தா நான் பாத்த மாதிரிதானன்னு, ஆமான்னுட்டேன்.