எண்ணத் தெரிந்த குழாயும் எங்கள் காதக்காவும்

மண்ணுக்குள் மறைந்தோடும் நீரின் மனம் அறிந்தவரே! கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காதால் கண்டு காட்டியவரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்தக் குடிநீர் அலுவலகத்தின் கசிவு கண்டறியும் பிரிவில் கம்பியும் கையுமாய் நடந்து, நாங்கள் கடமையென்று இழுத்துச் சுமந்ததை விளையாட்டென்று வீசிப் பிடித்தவரே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய காதக்காவே!

'தாங்கள்' என்று எழுதினால் வேறு யாரையோ சொல்கிறோம் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பீர்கள். ஆகவே 'நீங்கள்' என்றே எழுதியிருக்கிறோம். எழுதியவன் வரைபடப் பிரிவில் இருக்கும் உங்கள் தம்பி. கையெழுத்து எல்லோருடையது, உறுத்தல் மட்டும் என்னுடையது. அது ஏன் என்று சபையில் ஒருமுறை சொல்லிவிடத்தான் இந்த மடலை எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கினேன்.

சோர்வை அறியாத சுறுசுறுப்பே! நீங்கள் வந்த பிறகுதான் இந்த அலுவலகத்தில் காலை நேரம் என்று ஒன்று உண்டானது. அதற்கு முன் வருகைப் பதிவேடு மட்டுமே இருந்தது. முதல் நாள் கேட்ட கசிவின் ஒலியை வாயாலே செய்து காட்டி, "இது எந்தத் தெரு? சொல்லுங்க பாப்போம்" என்பீர்கள். தோற்றவர் எல்லோருக்கும் டீ போட வேண்டும். சீட்டி, குறட்டை, புறணி, மாமியார் முணுமுணுப்பு என்று கசிவுகளுக்கு நீங்கள் வைத்த பெயர்கள் அலுவலகக் கோப்புகளில்கூட ஏறிவிட்டன. வீட்டுக்குப் போகும்போதும் தினம் ஒரு புதிய தெரு வழியாகப் போவீர்கள். "பஸ் ஸ்டாப்புல நில்லுன்னா ஊரையே அளந்துட்டு வர்றா" என்று உங்கள் கணவர் எங்களிடம் முறையிடாத மாதம் இல்லை.

போகிற வழியில் இருக்கும் வால்வுகளில் எல்லாம் கம்பியின் ஒரு முனையை வைத்து, மறுமுனையில் காதை வைப்பது உங்கள் வழக்கம். தண்ணீர் நின்றுபோன குழாய்களைக்கூட விட மாட்டீர்கள். "இல்லாத லைன்ல என்னக்கா கேப்பீங்க?" என்று நான் ஒருநாள் கேட்டேன். "இல்லைன்னு நீதான தம்பி வரைஞ்சிருக்க. குழாய் சொல்லலையே" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை. நண்பகல். தையல் கடைத் தெரு. அங்கே ஓடும் பழைய இரும்புக் குழாயின் இரு முனைகளையும் வெட்டி அடைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. வரைபடத்தில் அதைப் புள்ளிக்கோடாக்கி, 'செயலற்றது' என்று எழுதியவன் நான். நேரில் போய்ப் பார்க்காமல், நாற்காலியில் அமர்ந்தபடியே எழுதினேன்.

அந்தக் குழாயின் வால்வில் நீங்கள் கம்பியை வைத்தீர்கள். டொக், டொக், டொக். மூன்று முறை கேட்டது. வேறு யாராக இருந்தாலும் கம்பியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். நீங்களோ கல்லை எடுத்து வால்வின் மேல் இரண்டு தட்டினீர்கள். இரண்டு பதில் வந்தது. ஐந்து தட்டினீர்கள். ஐந்து வந்தது. அதன்பின் நீங்கள் தட்டாமல் காத்திருந்தபோது, அதுவாக ஒன்று தட்டியது.

அலுவலகத்துக்கு ஓடி வந்தீர்கள். இன்று உங்கள் பணி நிறைவு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் பொறியாளர் ஐயா அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதச் சொன்னவரும் அவரே.

"செத்த லைன்ல ஏதும்மா சத்தம்? வெயில் தலைக்கு ஏறிடுச்சா?"

"நான் அஞ்சு தட்டுனா அஞ்சு தட்டுது சார். தண்ணிக்கு எண்ணத் தெரியுமா?"

என் வரைபடத்தை நீங்களே உருவி எடுத்துக்கொண்டு நடந்தீர்கள். நாங்கள் பின்னால் வந்தோம். ஒவ்வொரு வால்வாகக் காது வைத்தீர்கள். ஒலி வளர்ந்துகொண்டே போனது. ஐந்தாவது வால்வில் கம்பி இல்லாமலே எங்கள் செருப்புக்கடியில் அதிர்ந்தது. அதற்கு அப்பால், சாலை வேலைக்காகக் கொட்டிய ஜல்லி ஒரு குன்றாய்க் கிடந்தது. ஜல்லிக்கு அடியில் ஆள் இறங்கும் பழைய சேம்பர் குழி ஒன்று இருப்பதாக என் வரைபடத்தில் இல்லை.

ஜல்லியைக் கையாலேயே வாரினோம். மூடியை நெம்பித் திறந்தபோது உள்ளே கிடந்தவர், ஊரின் வால்வுகளைத் திறந்து மூடும் நம் வால்வு அண்ணன். இரண்டு நாள் விடுப்பில் தங்கை வீட்டுக்குப் போகிறவர், அங்கே போட்டு வைத்திருந்த ஸ்பேனரை எடுக்க இறங்கி, இரண்டு நாள் முன்பே கால் வழுக்கி விழுந்திருந்தார். கைபேசி அடியில் தேங்கிக் கிடந்த தண்ணீருக்குள் போயிற்று. வலது மணிக்கட்டு முறிந்தது. உள்ளே ஆள் இருப்பது அறியாமல் யாரோ மூடியைத் தள்ளி மூடிவிட, அதன்மேல் லாரி ஜல்லியைக் கொட்டிவிட்டது. அலுவலகத்தில் நாங்கள் அவர் ஊருக்குப் போய்விட்டதாய் நினைத்தோம். வீட்டில் இருந்தவர்கள் தங்கை வீட்டில் இருப்பதாய் நினைத்தார்கள். எதற்கும் உதவாது என்று நாங்கள் கேலி செய்த அந்த வேடிக்கைக் குணம் உங்களுக்கு இல்லாதிருந்தால், அண்ணன் இன்று அண்ணியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இதோடு முடிந்திருந்தால் இது வழக்கமான பாராட்டு மடலாகியிருக்கும். மருத்துவமனையில் கண் விழித்த அண்ணனிடம், "நல்லவேளை விடாம தட்டுனீங்க" என்றீர்கள். அவர் உங்களையே பார்த்தார்.

"முதல் நாள் சாயங்காலம் வரைக்கும்தான் தட்டுனேன்மா. அப்புறம் கையவே தூக்க முடியல. நீங்கதான தட்டிட்டே இருந்தீங்க? ரெண்டு நாளும் விடாம கேட்டுச்சே. ஆள் வந்துட்டாங்க, வந்துட்டாங்கன்னு அதக் கேட்டுக்கிட்டேதான் உசுரப் பிடிச்சிட்டுக் கிடந்தேன்."

"எந்தப் பக்கத்துலேர்ந்து கேட்டுச்சுண்ணே?"

"நீங்க வந்த பக்கம் இல்லம்மா, எதிர்ப்பக்கம்" என்று அண்ணன் கட்டுப் போட்ட கையை ஆட்டினார். அந்தப் பக்கம் குழாய், சேம்பர் சுவரைத் தாண்டி ஒரு முழம்தான் போகிறது. பிறகு செங்கல் வைத்து அடைத்திருக்கிறது. தீயணைப்பு வீரர்களை அழைத்துப் பத்தடி ஆழத்துக்குத் தோண்டினோம். மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. அறிக்கையில் 'அழுத்த மாறுபாட்டால் எழுந்த ஒலி' என்று எழுதினோம். தண்ணீரே இல்லாத குழாயில் என்ன அழுத்தம் என்று மேலிடம் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அன்று முதல் நாங்கள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனோம். நீங்களோ செவ்வாய்தோறும் காலை பதினோரு மணிக்கு அங்கே போய்த் தட்டினீர்கள். மூன்று தட்டினால் மூன்று. ஏழு தட்டினால் ஏழு. பதினோரு ஆண்டுகளில் ஒருமுறையும் அது எண்ணிக்கை தவறவில்லை. "உங்களுக்குப் பயமே இல்லையாக்கா?" என்று கேட்டேன். "பயம்தான் தம்பி. இல்லன்னு சொல்லல. ஆனா அதவிட, அடுத்து என்ன வரும்னு பாக்குற ஆச பெருசா இருக்கு" என்றீர்கள். அந்த ஒரு சொல் என் தொழிலையே மாற்றியது. அதன்பின் நடந்து பார்க்காமல் நான் ஒரு கோடும் போட்டதில்லை. நான் 'செயலற்றது' என்று எழுதியிருந்தவற்றில் மூன்று குழாய்கள் உயிரோடு இருந்ததைக் கண்டுபிடித்தேன். பதினான்கு சேம்பர்களை வரைபடத்தில் ஏற்றினேன். ஒவ்வொரு மூடியைத் திறக்கும்போதும் உள்ளே யாரும் இல்லை என்று உரக்கச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

சென்ற செவ்வாய் உங்கள் கடைசிச் செவ்வாய். "வா தம்பி" என்றீர்கள், வந்தேன். கல்லை என் கையில் தந்து, கம்பியை என் காதில் வைத்தீர்கள். வெயில் நன்றாக அடித்தது. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு தட்டினேன்.

மூன்று வந்தது.

"தப்பா எண்ணிட்டனாக்கா?" என்றேன். நீங்கள் கம்பியை வாங்கிக் காது வைத்தீர்கள். உங்கள் முகத்தில் அன்று கண்டதை இதுவரை யார் முகத்திலும் கண்டதில்லை. "இல்ல தம்பி. ஆட்டத்த மாத்துது" என்றீர்கள். மெல்லச் சிரித்தீர்கள். "உன் முறை."

நான்கு தட்டினேன். ஐந்து வந்தது.

அஞ்சாமையும் ஆர்வமும் அணிகலனாய்க் கொண்ட அக்காவே! நோயின்றி நொடியின்றி நூறாண்டு கடந்தும் நடந்துகொண்டே இருங்கள். நடக்கிற ஒவ்வொரு நாளும் நீங்கள் போகாத தெரு ஒன்று உங்களுக்கு மீதமிருக்கட்டும். கால் வலித்தால் கணவரோடு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் செருப்புச் சத்தத்துக்குப் பெயர் வையுங்கள். வரும் செவ்வாய் நாங்கள் அனைவரும், பொறியாளர் ஐயா உட்பட, அங்கே போய் ஆறு தட்டப் போகிறோம். என்ன வந்தது என்று சொல்ல நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வருவோம். கதவைச் சரியாக இரண்டே முறை தட்டுவோம்.

மூன்றாவதாக ஒன்று கேட்டால், அக்கா, அது நாங்கள் இல்லை. ஆனாலும் நீங்கள் திறப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

என்றும் உங்கள் அன்பில்,
குடிநீர் அலுவலகப் பணியாளர்கள் அனைவரும்