ஸ்கிரிப்டில் கோளாறு இல்லை

மார்ச் பதினேழாம் தேதி காலை, ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், கதவு முழுவதும் மூடுவதற்குள் லிஃப்ட் மேலே நகர்ந்தது. படுக்கை விரிப்புகள் ஏற்றிய தள்ளுவண்டியோடு உள்ளே கால் வைத்த ஊழியர் ஒருவர் இறந்தார்.

எனக்கு லிஃப்ட் பற்றி அதிகம் தெரியாது. அதை இயக்கும் மென்பொருளை எங்கள் நிறுவனம் எழுதுகிறது. அங்கே என் வேலை மெயில் அனுப்புவது. யாராவது நிரலில் ஒரு வரியை மாற்றிச் சேமித்தால், மாற்றியவர் யார், மாறியது எது என்று சரிபார்ப்பவருக்குத் தானாக மெயில் போகும். அதை அனுப்பும் ஸ்கிரிப்டுகளை ஹூக் என்போம். அவற்றைப் பராமரிப்பவன் நான். அலுவலகத்தில் எனக்குத் தபால்காரன் என்று பெயர். கடிதம் வராத அன்றுதான் தபால்காரன் ஒருவன் இருப்பது எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

பாதுகாப்புச் சரிபார்ப்பாளர் என் அக்கா. மறுநாள் மாலைக்குள் அவள் ஆட்சேபிக்காவிட்டால் மாற்றம் ஏற்கப்பட்டதாக அர்த்தம். மௌனம் சம்மதம் என்பது எங்கள் அலுவலகத்தில் எழுதி வைத்த விதி. அவள் ஒரு மெயிலையும் விடமாட்டாள். சாப்பிடும்போதும் ஒரு கை தட்டில், ஒரு கை போனில்.

"எவனோ ஒரு கமாவை மாத்தினாக்கூட என்னை எழுப்பிடுறியேடா. நீ தபால்காரனா, சேவலா?"

"சின்னதை எல்லாம் படிக்காம விட்டுடேன்க்கா."

"விட்டா எனக்குத் தூக்கம் வருமா? உனக்கென்ன, அனுப்பிட்டுக் கையைக் கழுவிடுவே."

அம்மா என்னைத் தனியே அழைத்தாள். "அவ கண்ணு குழி விழுந்து கிடக்கு. நீ ஏதாவது பண்ணக் கூடாதா?"

பண்ணினேன். மூன்று வரிக்குக் குறைவான மாற்றங்கள் அக்காவுக்குப் போகாதபடி ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை சேர்த்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். வேண்டாம் என்பாள் என்று தெரிந்தபின் கேட்பானேன்? கொஞ்ச நாளில் அவள் முகம் தெளிந்தது.

"பசங்க திருந்திட்டாங்க போலடா. மெயிலே குறைஞ்சு போச்சு."

"உன் மேல இருக்கிற பயம்க்கா."

சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அதற்கு நான் காரணம் என்பதில் எனக்கு இப்போதும் வெட்கமில்லை.

லிஃப்ட் கதவு மூடிவிட்டதா என்று இரண்டு முறை பார்க்கும் இடத்தில் ஒரு முறை போதும் என்று ஒருவர் மாற்றினார். ஒரே வரி. அக்காவுக்கு மெயில் போகவில்லை. மறுநாள் மாலை தாண்டியது. மாற்றம் ஏற்கப்பட்டது.

விபத்துச் செய்தி வந்ததும் அந்த நிபந்தனையை நீக்கினேன். போகாத மெயிலைப் பழைய தேதியிட்டு அக்காவின் பெட்டியில் வைத்தேன். திறந்து படித்ததாகவும் குறித்தேன். ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடுவது என் வழக்கமில்லை.

அக்கா அந்த மெயிலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பார்த்திருக்கேன்டா. பார்த்துட்டு விட்டிருக்கேன். எனக்கு ஞாபகமே இல்லையே."

"வேலை அப்படிக்கா. யாருக்கும் நடக்கும்."

அவளே போலீசுக்குப் போய்த் தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தாள். கைதும் ஆனாள். நான் ஏன் பேசவில்லை என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். சரிபார்ப்பாளர் பதவிக்கு அடுத்த வாரமே ஆள் வந்துவிட்டார். என் ஸ்கிரிப்டுகளைத் தொடத் தெரிந்தவர் வேறு யாருமில்லை. அழுது ஆர்ப்பாட்டம் செய்வதால் இறந்தவர் எழுந்து வரப் போவதுமில்லை.

போன வாரம் வக்கீலோடு அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் அமர்த்திய நிபுணர், மெயில் போனதற்கான தடயம் சர்வரில் இல்லை என்று கண்டுபிடித்திருந்தார். "கவனக்குறைவாக எழுதப்பட்ட ஸ்கிரிப்ட், கோளாறால் மெயில் தவறியிருக்கலாம்" என்பது அவர் அறிக்கை.

வக்கீலுக்கு முகமெல்லாம் பல். "இந்த ஒரு வரி போதும்மா. நீங்க சரின்னு கையெழுத்துப் போட்டா வெளிய வந்துடலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"வேணாம் சார். என் தம்பி எழுதினதுல கோளாறு வராது. நான்தான் பார்த்துட்டும் விட்டுட்டேன்."

வக்கீல் விடவில்லை. அவள் கையெழுத்து இல்லாமலே அந்த அறிக்கையை நேற்று நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டார். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். அக்கா சொன்னது சரி. அந்த ஸ்கிரிப்ட் ஒருநாளும் தவறியதில்லை. அனுப்பாதே என்று நான் சொன்னதை அது அனுப்பவில்லை. நிபந்தனையின் பழைய பிரதி இந்தப் பென்டிரைவில் இருக்கிறது. உங்கள் ஆட்களை விட்டு ஓட்டிப் பாருங்கள். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளுங்கள். அறிக்கையில் இருக்கும் கோளாறு என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள்.